மூன்றாம் ஓலைக்கு முன்

என் மூக்கோரத்தில் இரண்டு, இமையில் ஒன்று, நெற்றியில் மூன்று. ஆக ஆறு சிறு கட்டிகள். எங்கள் குடும்பத்தில் இதற்கு 'வம்ச மரு' என்று பெயர். அப்பாவுக்கும் அக்காவுக்கும் இருந்தது, தம்பிக்கும் இருக்கிறது. கல்யாண வீடுகளில் முகத்தைப் பார்த்தே இன்னார் வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார்கள். அதில் ஒரு பெருமை வேறு. மடையர்கள்.

மூக்குக் கட்டி ஒன்றில் ரத்தம் கசிந்ததால் நாகர்கோவிலில் தோல் டாக்டரிடம் போனேன். வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி என்று முடிவு வந்தது. அந்த டாக்டரம்மா மூக்கை விட்டுவிட்டு வயிற்றைப் பற்றிக் கேட்டார்.

"உங்க வீட்டில யாருக்காவது குடல்ல கேன்சர் வந்திருக்கா?"

ஊருக்கு நாங்கள் சொன்னபடி அப்பா செத்தது வாய்வில், அக்கா செத்தது ரத்தச் சோகையில். எல்லாம் பொய். அப்பாவுக்குக் குடலில் புற்று, அக்காவுக்குக் கர்ப்பப்பையில். சொன்னேன். சில குடும்பங்களில் இந்தக் கட்டி அந்த நோய்களுக்கு முன்னறிவிப்பு என்றார். ரத்தப் பரிசோதனையும் பரம்பரைக் கோளாறுதான் என்றது. குழாய் விட்டுப் பார்த்து, என் குடலில் இருந்த இரண்டு முளைகளை அகற்றினார்கள். தம்பியும் உடனே குடலைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

புதுக்கடையில் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தேவாலயத்தில் இரண்டு ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறும் வாசித்து, சபையில் யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம்.

"ஓலையக் கெடுக்கவாக்கும் வந்தீரு?"

"உனக்க குடலக் காப்பாத்த வந்தேன்லே."

"மூணாம் ஓலை முடியட்டு. கேன்சர் குடும்பம்னு தெரிஞ்சா மாப்பிள வீட்டுக்காரன் ஓடிருவான். மூக்கில மருவாம், பின்னால பைப்பு விடணுமாம்! நல்ல டாக்டரு!"

"அப்பாவும் இப்படித்தான் பேசினாரு. போய்ச் சேந்தாரு."

"உம்ம நாக்கில தான் கேன்சர்."

அடுக்களையிலிருந்து மகள் வந்தாள். "பெரியப்பா, அப்பாக்கு ரெண்டு மாசமா ரத்தம் போவுது. மூலம்னு லேகியம் திங்காரு."

"ஏட்டி, உள்ள போ!"

"போறேன். நீங்க குடல பாக்காம ஓலை வாசிச்சா, நானே எழும்பித் தடை சொல்லுவேன்."

மணப்பெண்ணே தடை சொல்வதை எந்தச் சபையும் கண்டதில்லை. அந்த ஞாயிறு ஓலை வாசிக்கப்படவில்லை. சபையே எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. திரும்பிய தலைகளை எண்ணத் தொடங்கி, அருவருத்துப்போய் பாதியில் விட்டேன். தம்பி அப்போது ஆஸ்பத்திரியில் குடல் சோதனைக்காகப் பேதி மருந்து குடித்துக்கொண்டிருந்தான். பெருங்குடலில் கட்டி இருந்தது, பரவியிருக்கவில்லை. வெட்டி எடுத்தார்கள்.

மகளும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாள். முடிவு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அங்கிருந்தும் இன்னும் பதிலில்லை. தம்பி என் முகத்தில் விழிப்பதில்லை. ஊர் முழுக்க என்னை வைதுகொண்டு திரிகிறான். வையட்டும். திரிகிறானே.