பால்கனி பாக்கியிருந்த அணில் வீடு

இன்று நடந்தவை:

1. காலை ஆன்லைன் மீட்டிங்கின் நடுவே அணில் ஒன்று சன்னலுக்கு வந்து, அங்கே காயப்போட்டிருந்த கால்மிதியிலிருந்து நார் பிய்த்தது.
2. என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். காதில் விழவில்லை.
3. மூக்கில் தக்காளி வாசனை.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீட்டில் தக்காளியே இல்லை.

பாலக்கோட்டுக்கு நாங்கள் குடிவந்த கோடையின் வாசனை அது. எனக்கு எட்டு வயது, ஒரே பிள்ளை, ஊரில் ஒருவரையும் தெரியாது. எதிர்வீட்டுச் செல்வியும் பக்கத்து வீட்டு மஞ்சுவும் வந்ததுகூட என்னைப் பார்க்க அல்ல. எங்கள் கொய்யா மரத்து அணில்களைப் பார்க்க. தக்காளி மண்டியில் கழித்துப்போட்ட மரப்பெட்டி ஒன்றைச் செல்வி தூக்கி வந்தாள். எத்தனை முறை கழுவியும் அழுகின தக்காளி வாசனை போகவில்லை. பலகை இடுக்குகளை அட்டையால் அடைத்து வீடாக்கத் தொடங்கினோம். மேல்மாடி குருவிக்கு, கீழே அணிலுக்கு.

மஞ்சு வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அணிலை அவள் 'அளிலு' என்பாள்.

"அளிலுன்னு கூப்ட்டா நம்மூரு அணில் திரும்பிப் பாக்குமாடி?" என்றாள் செல்வி.

"நீ ஒரு பக்கம் கூப்புடு, நான் ஒரு பக்கம் கூப்புடறன். யாருகிட்ட வருதுன்னு பாப்போம்," என்றாள் மஞ்சு.

குருவி வாசல் எலுமிச்சம்பழ அளவு என்று மஞ்சு முடிவுசெய்தாள். அணில் வாசலுக்குச் செல்வி தன் கையை மடக்கி வைத்துக் கரியால் வட்டம் போட்டாள். என் பங்கு, வேலை முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. முடிந்தால் இவர்கள் வரமாட்டார்களே. படிக்கட்டு வேண்டும் என்றேன். மழைக்குச் சாய்ப்பு வேண்டும் என்றேன். கடைசியாகப் பால்கனி. (இப்போது நான் எழுதும் மென்பொருளுக்கு வாடிக்கையாளர்கள் இதையேதான் செய்கிறார்கள். மற்றவர்களைப்போல எனக்குக் கோபம் வருவதில்லை.)

"அணிலுக்குக் கட்டறமா, கலெக்டருக்கா?" என்று செல்வி சலித்துக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் வந்தாள்.

பால்கனிக்குக் குச்சி பொறுக்கி வந்த அன்று, சாய்ப்பு முடிந்ததுமே கொய்யாக் கிளை நடுவே வைத்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். தேங்காய் நார், பஞ்சு, கந்தல் துணி. நடுவில் முடி முளைக்காத குட்டிகள்.

அம்மாவும் வந்து பார்த்தாள். "குட்டி போட்டிருக்குது. இனிமே தட்டறது, கொட்டறது ஒண்ணும் வேண்டாம். இங்க சத்தமே போடாதீங்க கண்ணுங்களா."

"பால்கனி இன்னும் பாக்கி," என்றேன்.

"அதுவே போதும்னு குடி வந்துடுச்சு, ஒனக்கென்னடி?" என்று செல்வி சிரித்தாள். மஞ்சு குச்சிகளை என் கையில் கொடுத்தாள். இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போனார்கள்.

சண்டை ஒன்றும் இல்லை. வருவதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான். மீதி விடுமுறை முழுக்கச் சமையலறைச் சன்னலில் நின்று தாய் அணில் போவதையும் வருவதையும் பார்த்தேன். மேல்மாடிக்குக் குருவி கடைசிவரை வரவில்லை.

மண்டியில் இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பெட்டி. கொய்யா மரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் போட்டாயிற்று. செல்வி ஓசூரில், மஞ்சு மைசூர் பக்கம். பொங்கலுக்கு வாழ்த்துப் படம் அனுப்பிக்கொள்கிறோம். நான் அதே வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். பகலில் நான் மட்டும். வாசல் மணி அடித்தால் பார்சல்.