பத்து விரல்களும் ஒரு பின்லாந்துச் சொல்லும்

ஏலக்காய் மணத்தால் உங்களுக்குப் பாயாசம் நினைவு வரலாம். எனக்குப் பிரஸ் மெஷின்தான் நினைவு வரும். இரும்பு இறங்குகிற அந்தத் தொம், உள்ளங்காலால் ஏறி வந்து பல்லில் நிற்கிற அந்த அதிர்வு. போன கிழமை ஹோம்புஷில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். உள்ளே யாரோ ஏலக்காய் இடித்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்ததை மறந்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்த புதிது. படித்த படிப்புக்கு இங்கே வேலை இல்லை என்று எல்லாரும் கைவிரித்த பிறகு, பிளாக்டவுன் பக்கம் அடுப்புக் கதவுகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். தகட்டை அச்சுக்குள் தள்ளிக் காலால் பெடலை மிதித்தால், மேலே காத்திருக்கிற இரும்பு இறங்கி ஒரே அடியில் அதைக் கதவாக்கிவிடும். முன்பக்கம் நான். பின்பக்கம் ஒரு பின்லாந்துக்காரர். அடித்த கதவை இழுத்தெடுப்பதும், மிஞ்சிய தகட்டுத் துண்டுகளை அகற்றுவதும் அவர் வேலை. என்னைவிட மூத்தவர். வெளுத்த புருவம், அகன்ற கை. ஆங்கிலம் அவருக்குக் காலை வணக்கத்தோடு முடிந்துவிடும்.

அந்தத் தளத்தை ஆண்டது ஒரேயொரு ஆங்கிலச் சொல். கிளியர். துண்டுகளை அள்ளு என்பதற்கும் கிளியர். கையை எடு என்பதற்கும் கிளியர். சொன்னது விளங்கியதா, கிளியர்? ஆள் இல்லை, ஓட்டலாம், கிளியர். மத்தியானம் வெளியே வந்து பார்த்தால் மேகமில்லாத வானமும் கிளியர்தான். எந்தக் கிளியர் எது என்று குரலின் ஏற்ற இறக்கத்தில் பிடிக்கவேண்டும். அந்தச் சத்தத்துக்குள் ஏற்றம் ஏது, இறக்கம் ஏது?

ஒருநாள் காலை ஃபோர்மன் எங்கள் பக்கத்தில் நின்று கிளியர் என்று கத்தினார். கையை எடு, அடிக்கப்போகிறது என்ற கிளியர் அது. நான் பெடலை மிதித்தேன். பின்லாந்துக்காரருக்கோ துண்டுகளை அள்ளு என்று கேட்டிருக்கிறது. கையை உள்ளே விட்டார். இரும்பு இறங்கியது. எப்படி இழுத்தாரோ, கை வந்துவிட்டது. தோல் கையுறை வரவில்லை. அச்சைத் திறந்தபோது அது அடுப்புக் கதவின் வரிகள் பதிந்து, அப்பளமாய்க் கிடந்தது. ஐந்து விரல்களும் தட்டையாக, ஒழுங்காக.

ஃபோர்மன் கெட்டவரல்ல. முகம் வெளிறிப்போய், என்னை ஒரு பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார்.

“மேட், சொன்னது விளங்காத ஆளை நான் மெஷினில் நிறுத்தமுடியாது. அவன் கை போவதைவிட வேலை போவது நல்லது.”

வேறு பகுதிக்கு மாற்ற இடமில்லை. ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். வேலை கேட்டுப் போக அந்த மனிதருக்கு மொழியும் இல்லை. திங்கட்கிழமை வரை விடுங்கள் என்று கேட்டேன். என்ன செய்யப்போகிறாய் என்றார். தெரியாது, திங்கட்கிழமை வந்து பாருங்கள் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

ஹோம்புஷ் ஃபிளாட்டில் என்னோடு இருந்த ஊர்க்காரன் என் யோசனையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“உனக்கென்ன விசரோ? அந்தாளுக்கு நாலு இங்கிலீசுச் சொல்லைப் படிப்பிக்கிறதை விட்டிட்டு, நீ அவற்ற பாசையைத் தேடித் திரியிறாய்.”

“போன மாசம் சுடுதண்ணி கையில ஊத்துப்பட்டபோது நீ எந்தப் பாசையில கத்தினனி?” என்று கேட்டேன்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். ‘ஐயோ அம்மா’ என்று அவன் கத்தியது அடுத்த ஃபிளாட் வரை கேட்டிருந்தது. கை நசுங்கப்போகிற கணத்தில் மனிசனுக்குப் பிறந்த மொழியில்தான் காது இருக்கும். அதிலே எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சனிக்கிழமை ரயிலேறி, நகரத்தில் நூலகம் நூலகமாக அலைந்து, ஓர் ஆங்கில-பின்லாந்து அகராதியைப் பிடித்தேன். கிளியருக்கு எதிரே சொற்கள் எறும்பு வரிசைபோல இறங்கிக்கொண்டே போயின. எது எதற்கென்று அகராதி சொல்லவில்லை. ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, நீந்து என்று சொல்லிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்லாந்துக்காரர் வீட்டுக் குசினியில் உட்கார்ந்தோம். அவருடைய மனைவி ஏலக்காய் இடித்துப் போட்டுச் சுட்ட, தலைமயிர் போலப் பின்னிய இனிப்புப் பணிஸை அடுப்பிலிருந்து எடுத்தார். எங்கள் வீட்டுக் கலியாண மணம், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார வீட்டில். மேசையில் பணிஸ், கோப்பி, அகராதி. பாண் சுற்றியிருந்த கடதாசியை விரித்து, நான் சொற்களை எழுதினேன்.

சொல் சொல்லாக நடித்துக் காட்டினேன். யன்னலைத் திறந்து வானத்தைக் காட்டினேன். மேசையைத் துடைத்தேன். பிறகு முக்கியமானது. பணிஸ் சுட்ட தட்டுக்குக் கீழே என் கையை வைத்தேன், தட்டை இறக்கினேன், கையை வெடுக்கென்று இழுத்தேன். அவர் உடனே ஒரு சொல் சொன்னார். “இர்த்தி.” கூர்மையாக, குச்சி முறிவதுபோல ஒரு சொல். எனக்குப் பிடித்துவிட்டது. ஓம், ஓம், இதுதான் என்று தலையாட்டினேன். அவர் முகம் வாடியது. அவசரமாக வேறொன்று சொன்னார். இது ஏன் என்று விளங்காமல், இர்த்திதானே என்று கடதாசியில் விரலை வைத்துக் கேட்டேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, முள் குத்தினாற்போல மூச்சை உள்ளே இழுத்தார். “யோ...” என்று காற்று மட்டும் கேட்டது.

சரி, இதில் ஏதோ ஆகாத அர்த்தம் இருக்கிறது, பெண்கள் இருக்கிற இடத்தில் சொல்லக்கூடாததோ என்னவோ என்று அதை வெட்டினேன். அடுத்த சொல். நான் தலையாட்டினேன், அவர் வாடினார். கேட்டேன், மூச்சு உள்ளே போனது. வெட்டினேன். இப்படியே பின்னேரம் கழிந்தது. கடைசியில் கடதாசியில் வெட்டுப்படாமல் நின்றது ஒரேயொரு சொல். அதற்கு நான் தலையாட்டவும் இல்லை, அவர் மூச்சிழுக்கவும் இல்லை. இரண்டு பேருக்கும் பிடிக்காத சொல். அகராதியில் பார்த்தேன்: பளபளப்பான, ஒளியுள்ள. நாளைக்குக் கை நசுங்கப்போகிற மனிதரைப் பார்த்து நான் ‘பளபளப்பு’ என்று கத்தவேண்டும்.

அகராதியை மூடினேன். தோற்றுப்போனேன் என்று நினைத்தபோது வந்தது கோபம். அந்தக் கோபத்துக்குள் ஒரு சின்னக் கோபமும் இருந்தது. வந்ததிலிருந்து எனக்கு ஒரு கோப்பைதான் கோப்பி கிடைத்திருந்தது. அந்த அம்மா கேத்தலைத் தூக்கிக்கொண்டு வருவார், இன்னும் வேண்டுமா என்று கண்ணால் கேட்பார், நான் ஆசையோடு தலையாட்டுவேன், அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார். பணிஸுக்கும் அதே கதி. ஆனால் கணவருக்கு மட்டும் கோப்பை வற்றவில்லை.

இந்த முறை அவர் கணவரிடம் கேத்தலைக் காட்டியபோது, வேறு வேலையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் கண்ணைத் தாழ்த்தினார். முள் குத்தினாற்போல மூச்சை உள்ளே இழுத்தார். “யோ...”

அம்மா ஊற்றினார்.

பணிஸைக் காட்டினார். மூச்சு உள்ளே போனது. பெரிய துண்டாக வைத்தார்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். என் வெறுங்கோப்பையைத் தூக்கி அந்த அம்மாவிடம் நீட்டி, மூச்சை உள்ளே இழுத்தேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு விளிம்பு வரை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, என் தலையாட்டலை அப்படியே செய்து காட்டினார், தோளுக்குத் தோள், கோயில் மணிபோல. தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டிக் கேட்டார்.

“நீ... எப்போதும்... நோ?”

எங்கள் ‘ஓம்’ அவர்களுக்கு ‘இல்லை’ போலத் தெரிந்திருக்கிறது. அவர்களுடைய ஓம் எனக்கு வலி போலக் கேட்டிருக்கிறது. ஒரு பின்னேரம் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒவ்வொரு சொல்லையும் தேடித்தேடி வெட்டியிருக்கிறோம். அம்மாவும் நானும் கண்ணீர் வரச் சிரித்தோம். கணவர் சிரிக்கவில்லை. வாயின் ஒரு மூலை மட்டும் கொஞ்சம் அசைந்தது. பிறகு பென்சிலை வாங்கி, வெட்டிய கோட்டின் மேல் பெரிய எழுத்தில் மறுபடி எழுதினார்: இர்த்தி. கையை எடு, விடு. அவ்வளவுதான் அதன் பொருள். துண்டை அள்ளுவதற்கு ஒரு சொல், விளங்கியதற்கு ஒரு சொல் என்று மற்றவையும் ஒவ்வொன்றாக உயிர்பெற்று எழும்பின.

ஆனாலும் ஒரு முடிச்சு மிஞ்சியிருந்தது. உள்ளே இழுக்கிற ஓம் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பணிஸ் தட்டை நடுவில் வைத்து அதையும் தீர்த்தோம். நான் சொல்லைக் கத்துவேன். அவர் பதில் சொல்லத் தேவையில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கவேண்டும். பத்து விரல்களும் என் கண்ணில் பட்டால்தான் என் கால் இறங்கும். ஃபோர்மன் கத்தினாலும் சரி, முதலாளி கத்தினாலும் சரி.

திங்கட்கிழமை ஃபோர்மன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். தகட்டைத் தள்ளினேன். “இர்த்தி!” இரும்புக்கு அப்பால் இரண்டு பெரிய கைகள் உயர்ந்தன. மிதித்தேன். தொம். மறுபடி. மறுபடி. நடுவில் ஃபோர்மன் வேண்டுமென்றே கிளியர் என்று கத்திப் பார்த்தார். கைகள் உயரவில்லை, என் கால் அசையவில்லை. அவர் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, அது என்ன சொல், எனக்கும் ஒருக்கால் சொல்லு என்று கேட்டார். அன்று மத்தியானம் மூன்று நாட்டுக்காரர் ஒரு பின்லாந்துச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டோம். கொஞ்சக் காலத்தில் எல்லா மெஷின்களிலும் ஆட்கள் கைகளைத் தூக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ திருவிழாவில் தேர் இழுக்கிறவர்கள் அரோகரா சொல்வதுபோல இருக்கும்.

அடுத்த வருடம் பின்லாந்துக்காரரும் மனைவியும் குவீன்ஸ்லாந்துப் பக்கம் சுரங்க வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவருடைய மொழியில் எனக்கு மிஞ்சியதும் ஒரு சொல்தான். ஆனால் இன்றைக்கும் யாராவது முகம் வாடி, கண்ணைத் தாழ்த்தினால், இவர் என்னை மறுக்கிறார் என்று முடிவுகட்டுமுன் இன்னுமொரு கோப்பை ஊற்றிப் பார்க்கிறேன். பெரும்பாலும் வாங்கிக் குடித்திருக்கிறார்கள்.

அவர்கள் புறப்பட்ட அன்று வழியனுப்ப பிளாக்டவுன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அந்தக் காலத்துச் சிவப்பு ரயில், கதவைக் கையால்தான் இழுத்துச் சாத்தவேண்டும். மனைவி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அவர் கதவு விளிம்பில் ஒரு கையை ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். விசில் ஊதியது. உள்ளேயிருந்து யாரோ கதவை இழுப்பது தெரிந்தது.

“இர்த்தி!” என்று கத்தினேன்.

இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின. பத்து விரல்களும் இருந்தன. கதவு மூடுமுன் மூச்சை உள்ளே இழுத்தார்.

“யோ...”