கும்பிடும்போது கழலும் பெல்ட்

வாழப்பாடியில் கித்தார் விழுந்தது நான்காவது பாட்டு முடிந்த பிறகு. மாலை மணி ஏழு பத்து. கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிட்டிருந்தார்கள். விழாக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர் மேடை ஏறி, பாடகர்களில் தொடங்கி வரிசையாகப் பொன்னாடை போட்டுக்கொண்டு வந்தார். நான் ஆறாவது ஆள். பேஸ் கித்தார் தோளில் தொங்கியது. அவர் துணியை விரித்ததும் இரண்டு கையையும் கித்தாரிலிருந்து எடுத்துக் கூப்பி, தலை குனிந்தேன். வலது இடுப்புப் பக்கம் ஏதோ இளகியது. நிமிர்வதற்குள் கித்தாரின் அடிப்பாகம் சரிந்து, தலைப்பாகம் முன்னால் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் விளிம்பில் அடித்தது. ஒயர் பிடுங்கப்படவில்லை. அதனால் அந்த அடி திடல் முழுவதும் கேட்டது. லாரியின் பின்கதவு விழுகிற சத்தம்.

"ஏம்மா, சால்வை அவ்ளோ கனமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நன்றாகச் சிரித்தார்கள்.

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. "என் கை பட்டுடுச்சாம்மா?"

"இல்லீங்க ஐயா. பெல்ட் கழண்டுடுச்சு."

ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் செய்தி திருத்துவது என் வேலை. விடுமுறை நாட்களில் இந்தக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன், பதினோரு ஆண்டுகளாக. பேஸ் என்பது நான்கு தடித்த கம்பிகள் கொண்ட கித்தார். என்னுடையது நாலரைக் கிலோ. அதைத் தோளில் தாங்குவது ஒரு தோல் பட்டை. அதைத்தான் நாங்கள் பெல்ட் என்போம். பெல்ட்டின் இரு முனைகளிலும் ஓட்டை இருக்கும். கித்தாரின் மேல் கொம்பில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு உலோகக் குமிழ்கள். சட்டைக்குப் பொத்தான் போடுவதைப்போல ஓட்டைக்குள் குமிழை நுழைக்க வேண்டும். அவ்வளவுதான் பிடிமானம்.

விழுந்ததில் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். சேலத்தில் பழுது பார்ப்பவர் பசை போட்டு, இறுக்கிக் கட்டி, ஐந்து நாள் கழித்துக் கொடுத்தார். "இன்னொரு தடவை இதே எடத்துல அடி பட்டா கழுத்து தனி, ஒடம்பு தனி. எங்கிட்ட கொண்டாராதீங்க" என்றார்.

எங்கள் குழுத் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். சேலத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய். அடுத்த ஒத்திகையில், அவர் வீட்டு மாடியில், நான் கித்தாரை உறையிலிருந்து எடுக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"இனிமே உக்காந்து வாசிங்கம்மா. சேர் போட்டுடலாம்."

"உக்காந்தா டிரம்ஸ்காரர் கால் தெரியாது பாய்."

இது சாக்கு இல்லை. டிரம்ஸ்காரரின் வலது கால் பெரிய முரசின் மிதியை அழுத்தும் கணத்தில்தான் என் விரலும் கம்பியைத் தட்ட வேண்டும். காதில் கேட்டு வாசித்தால் ஒரு நூல் பிந்தும். கேட்பவர்களுக்கு என்னவென்று தெரியாது, ஆனால் பாட்டு சோர்ந்ததுபோல் இருக்கும். நின்றால் கால் தெரிகிறது. உட்கார்ந்தால் நடுவில் இரண்டு சின்ன முரசுகள் மறைக்கின்றன.

"அக்கா என் காலை மட்டும்தான் பாய் பாக்குது" என்றார் டிரம்ஸ்காரர். "பதினோரு வருசத்துல மூஞ்சியப் பாத்ததே இல்ல."

"பாக்குற மாதிரி இருந்தா பாக்க மாட்டாங்களா?" என்றார் பாய். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி. பதினஞ்சு நாள்ல மோகனூர்ல ஒரு காதுகுத்து. அதுல நின்னு வாசிங்க. அங்க கழண்டுச்சுன்னா அப்புறம் எப்பவும் சேர்தான். மறுபேச்சு கூடாது."

"சரி பாய்."

கும்பிடாமல் இருந்தால் என்ன என்று பாடகி கேட்டார். ஒரு கையால் கித்தாரைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைத்தால் போதாதா? போதாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் மரியாதை செய்யும்போது ஒற்றைக் கையைக் காட்டினால் ஊர் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். எனக்கு மட்டும் பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஏதோ மனத்தாங்கல் என்று நினைப்பார்கள். ஆகவே கும்பிடு மாறாது. மாற வேண்டியது பெல்ட்.

அன்று பேருந்தில் நாமக்கல் திரும்பும்போது நோட்டை எடுத்து, நடந்ததைச் செய்தி எழுதுவதுபோல எழுதிப் பார்த்தேன். என்ன, எங்கே, எப்போது, எப்படி. இதற்கு முன்பும் இரண்டு முறை பெல்ட் கழன்றிருக்கிறது. அப்போது முழங்காலால் தடுத்துவிட்டேன். பழைய தோல், ஓட்டை பெரிதாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியதும் ஒன்று தெரிந்தது. மூன்று முறையும் வாசிக்கும்போது கழலவில்லை. மூன்று முறையும் யாரோ எனக்குத் துணி போர்த்தினார்கள். மூன்று முறையும் அடிக் குமிழ்தான்.

வாசிக்கும்போது கையின் பாரம் கித்தாரை அழுத்திக்கொண்டிருக்கிறது, பெல்ட் விறைப்பாக நிற்கிறது. கையை எடுத்துவிட்டு முன்னால் குனிந்தால் முதுகுப் பக்கம் இழுத்து, இடுப்புப் பக்கம் தொய்கிறது. தொய்ந்த தோல் குமிழின்மேல் அரைச் சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிடுகிறது. இதை ஊகமாக எழுதினேன். ஊகத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

என் கணவர் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் ஃபிட்டர். அன்று மாலை கூடத்தில் மெத்தையை விரித்து, அதன்மேல் நான் கித்தாருடன் நின்றேன். அவர் குளியல் துண்டால் எனக்குப் பொன்னாடை போட்டார். நான் கும்பிட்டேன். துண்டை எடுத்தார். மறுபடி போட்டார். எத்தனையாவது என்று நோட்டில் கோடு போட்டேன்.

"அம்மிணி, இது பன்னெண்டாவது" என்றார். "கல்யாணத்துக்கே நான் உனக்கு ஒரு மாலதான் போட்டேன்."

"பேசாம போடுங்க."

"மூஞ்சிய கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கோ. மரியாத பண்றவனுக்கு மனசு நோகுமல்ல."

இருபது முறை கும்பிட்டதில் மூன்று முறை கழன்றது. மூன்றும் அடிக் குமிழ். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் குதித்தும் பார்த்தேன். ஒரு முறைகூடக் கழலவில்லை.

முதலில் மீன்பிடி நரம்பால் சுற்றிக் கட்டினேன். ஒன்பதாவது கும்பிட்டில் முடிச்சு தளர்ந்தது. பூட்டு வைத்த குமிழ் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதன் திருகாணி என் கித்தாரின் துளையைவிட ஒல்லி. திருகினால் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. திருப்பி அனுப்பினேன்.

"வாஷர் போடு" என்றார் கணவர். "லாரில கழலற எல்லாத்துக்கும் அதான் மருந்து."

பட்டறையிலிருந்து பழைய லாரி டியூப் துண்டு ஒன்று கொண்டுவந்தார். இரண்டு ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் மிளகு நுழைகிற அளவு துளை போட்டோம். பெல்ட்டைக் குமிழில் மாட்டிய பிறகு அந்த ரப்பரை இழுத்து விரித்து மேலே மாட்டினால், தோல் வெளியே வர வழியில்லை. அப்படித்தான் தோன்றியது. இருபத்தொரு கும்பிடு வரை நின்றது. இருபத்திரண்டாவதில் ரப்பரோடு சேர்ந்து பெல்ட் கழன்று கித்தார் மெத்தையில் விழுந்தது.

"நீ தலைய ரொம்ப ஆட்டற."

"தலை ஆடறதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஏதாச்சும் சொல்லோணும்னு சொன்னேன்."

கழன்ற பெல்ட்டைக் குழல்விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி, கறுப்புத் தோலில் வெள்ளையாக ஒரு வளையம். விரலால் தேய்த்தால் மாவுபோல ஒட்டியது. லாரி டியூப் டயருக்குள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தூவுவார்கள். அந்தப் பவுடர் பட்ட பக்கத்தைத் தோலோடு படும்படி வைத்திருக்கிறோம். அது வழுக்குவதற்காகவே தூவியது. நாங்கள் அதைப் பிடித்து நிற்கச் சொல்லியிருக்கிறோம். இருபது ஆண்டுகளாக லாரிகளுக்கு நடுவிலேயே வேலை செய்யும் என் கணவருக்கும் இது தோன்றவில்லை. அவர் எழுந்து போய்ச் சோப்பை எடுத்துவந்தார்.

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மறுநாள் மாட்டினோம். ஐம்பது கும்பிடு. கழலவில்லை. அதற்கடுத்த நாள் ஐம்பது. கழலவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, ஓட்டையைச் சுற்றி இன்னொரு அடுக்குத் தோலும் தைத்துக்கொண்டேன். மறுபடி ஐம்பது. கணவருக்குத் தோள் வலி வந்துவிட்டது. அதையும் நோட்டில் எழுதினேன்.

மோகனூர் காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில். பதினோரு மணிக்கு வாசிக்கத் தொடங்கினோம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் குழந்தையின் தாய்மாமன் பொன்னாடைகளுடன் மேடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும், கரும்பு விவசாயி. மற்றவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார். துணியை விரிக்கவில்லை.

"ஏனுங்க, நீங்க கித்தார உடாதீங்க" என்றார் மெதுவாக. "கும்புட வேண்டாங்க. நான் இப்படியே மேல போட்டுட்டுப் போயிடறேனுங்க. கீபோர்டுக்காரரு எல்லாம் சொன்னாருங்க."

நான் பாயைப் பார்த்தேன். அவர் கீபோர்டுக்குப் பின்னால் இருந்து, பிடித்துக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டினார். அவருக்கு என்னை மாட்டிவிடும் எண்ணம் இல்லை. கழுத்து உடைந்துவிடக் கூடாது என்கிற கவலைதான்.

பிடித்துக்கொண்டிருந்தால் அன்று ஒன்றும் நடந்திருக்காது. பெல்ட் கழலவில்லை என்று நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் பிடித்துக்கொண்ட கித்தார் விழாது என்பது செய்தியே இல்லை. அடுத்த ஊரிலும் யாராவது இப்படி என் காதில் வந்து சொல்ல வேண்டியிருக்கும், அதற்கடுத்த ஊரிலும். பிறகு ஒரு நாள் நானே நாற்காலி கேட்பேன்.

"நீங்க போடுங்க" என்றேன். "ஒண்ணும் ஆகாதுங்க."

"நெசமாவா சாமி?"

"போடுங்க."

அவர் துணியை விரித்தார். இடது கையை முதலில் எடுத்தேன், பிறகு வலது கையை. கூப்பினேன். வீட்டில் குனிந்த அளவுக்கே குனிந்தேன், குறைக்கவில்லை. முதுகில் இழுத்தது. இடுப்பில் தொய்ந்தது. தரை விரிப்பில் ஒரு சாமந்தி இதழ் மிதிபட்டுக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மூன்று எண்ணினேன். நிமிர்ந்தபோது கித்தார் இருந்த இடத்தில் இருந்தது. ஒலியைக் குறைக்க மறந்திருந்ததால் கம்பிகள் துணியில் உரசி மண்டபத்தில் லேசாக ஒரு ரீங்காரம் கேட்டது.

"அட, நிக்குதுங்களே" என்றார் தாய்மாமன்.

மாமன் வீட்டார் போட்டால் பங்காளி வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள். இரண்டாவது சுற்றுக்கு வந்தவருக்கு என் கதை எதுவும் தெரியாது. கனத்த உடம்பு, கனத்த கை. பொன்னாடையைப் போட்டுத் தோளை இறுக்கிப் பிடித்து, புகைப்படக்காரர் பக்கம் என்னைத் திருப்பினார்.

"அக்கா, கும்பிட்ட மாதிரியே இருங்க" என்றார் புகைப்படக்காரர். "கொஞ்சம் குனிங்க. இன்னுங் கொஞ்சம். அப்படியே. அசையாதீங்க. லைட் பத்தல, ஒரு நிமிசம்."

இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. வீட்டில் எல்லாக் கும்பிடும் மூன்று எண்ணுவதற்குள் முடிந்தவை. இங்கே குனிந்தபடி, கையைக் கூப்பியபடி, தோளில் ஒருவர் கையோடு நின்றேன். அடிக் குமிழில் தோல் மெல்லத் திரும்புவது இடுப்பில் தெரிந்தது. கால் சுற்று. இன்னும் கொஞ்சம். கையை இறக்கத் தோன்றியது. இறக்கவில்லை. தோல் ரப்பரில் முட்டி, அங்கே நின்றது. ஃபிளாஷ் இரண்டு முறை மின்னியது.

அவர் இறங்கியதும் அடுத்த பாட்டைத் தொடங்கினோம். டிரம்ஸ்காரரின் கால் நன்றாகத் தெரிந்தது. இடைவேளையில் பார்த்தேன். ரப்பர் ஓரத்தில் சிறிது மேலெழும்பியிருந்தது. அமுக்கிவிட்டேன். அடுத்த முறை கொஞ்சம் பெரிய வட்டமாக வெட்ட வேண்டும்.

பந்தியில் பாய் எனக்குப் பக்கத்து இலை.

"பதினஞ்சு நாளா என்னதான் பண்ணீங்க?"

"கும்பிட்டேன் பாய்."

அவர் சாம்பார்ச் சோற்றைப் பிசைந்து முடித்தார். "அடுத்தது ஆத்தூர். அவங்க துணி போட மாட்டாங்க. ரோஜா மாலை, இடுப்பு வரைக்கும் வரும். தண்ணி தெளிச்சு வச்சிருப்பாங்க."

"நின்னுதான் வாசிப்பேன்."

"நின்னுதான் வாசிக்கப் போறீங்க. அத யாரு கேட்டா?" என்றார். "மாலையக் கழட்டும்போது நாரு கித்தார் சாவியில மாட்டிக்கும். சுருதி போயிடும். தலைக்கு மேல தூக்காம, பக்கவாட்டுல எடுங்க. அதச் சொல்ல வந்தேன்."

ரசம் ஊற்றுகிறவர் வந்தார். பாய் தன் இலையை மறைத்துக்கொண்டு, முதலில் எனக்கு ஊற்றச் சொன்னார்.