நல்லதா, கெட்டதா என்று தெரியாமல் போட்ட பந்தல்

மதுரையில் என் நாற்காலியில் உட்காராத ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். டி. கல்லுப்பட்டியில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்து, சைக்கிள் கேரியரில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கரிசல் காட்டில் ஊர் ஊராக மிதித்தவன் நான். இன்று கோரிப்பாளையத்தில் சாமான் போட்டு வைக்க எனக்கு மூன்று கிட்டங்கி. பந்தல், நாற்காலி, விளக்கு, ஜெனரேட்டர் எதுவானாலும் ஒரு போன் போதும். என்னை மாதிரி பந்தல் போட ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

எங்கள் தொழிலில் போனை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "நல்லதா, கெட்டதா?" என்பதுதான். நல்லது என்றால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு. மஞ்சளும் ரோஸுமாகத் துணி, ஓரத்தில் ஜாலர், வாசலில் சீரியல் விளக்கு. கெட்டது என்றால் வெள்ளைத் துணி, நாலு டியூப் லைட், பெண்கள் உட்கார்ந்து அழுவதற்கு ஜமுக்காளம். கெட்டதுக்குப் போனால் திரும்பும்போது என் ஆட்கள் யாரும் "வாரேன்" என்று சொல்ல மாட்டார்கள். துக்க வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால், மறுபடியும் ஒரு துக்கத்துக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி. பேசாமல் எழுந்து போவதுதான் மரியாதை. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட நானே ஒரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வாங்காமல் விட்டுவிட்டேன்.

எல்லையில் நடந்த ஒரு தாக்குதலில் நம் வீரர்கள் பல பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருவன் பேரையூருக்கு மேற்கே ஒரு சிற்றூர்க்காரன், கல்யாணம் ஆகாத பையன். வருஷம் திரும்புகிற நாளில் எங்கள் வியாபாரிகள் சங்கம் நினைவு நாள் நடத்துவது என்று முடிவாயிற்று. சங்கத் தலைவர் ஜவுளிக்கடைக்காரர், எனக்கு மாப்பிள்ளை முறை. போனில் கூப்பிட்டார்.

"மாமா, பந்தல் பிரமாதமா இருக்கணும். ஊரே பாக்கணும்."

"நல்லதா, கெட்டதா மாப்ள?"

"என்ன மாமா இப்படிக் கேக்குறீக? இது தேசபக்தி!"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தேசபக்தி என்றால் நல்லதுதானே என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

கோரிப்பாளையம் ஜங்ஷன் பக்கத்தில் போட்டேன் பாருங்கள் ஒரு பந்தல்! கல்யாணத் துணி, மூன்று நிறத்தில் ஜாலர், தெரு முழுக்க மூன்று நிறத்தில் சீரியல் விளக்கு. நடுவில் நாற்பதடிக் கம்பத்தில் கொடி. பாலத்தில் வருகிறவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போவான். மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பேனர். அதில் சங்க நிர்வாகிகள் முகமெல்லாம் தாம்பாளம் அளவு. செத்துப்போன வீரர்கள் முகம் வெற்றிலை அளவு. கும்பிட்ட கையோடு சிரித்துக்கொண்டு மூன்றாவதாக நிற்பவன் நான்தான். படம் நன்றாகவே விழுந்திருந்தது. பந்தல் வாசலில் பத்தாயிரம் வாலாச் சரவெடி ஒன்று சுருட்டி வைத்திருந்தது, தலைவர் வந்ததும் கொளுத்த.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாய் மட்டும் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "என்ன அண்ணே, யாருக்குக் கல்யாணம்? பொண்ணு எந்த ஊரு?"

"போய்யா, உமக்குப் பொறாமை" என்றேன்.

விழா ஐந்து மணிக்கு. மூன்று மணிக்கெல்லாம் அந்தப் பையனுடைய அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். கார் அனுப்புகிறோம் என்று சொன்ன சங்கம் மறந்துவிட்டது. அப்பா கையில் மஞ்சள் பை. கொடியை அண்ணாந்து பார்த்தவர் அப்படியே விறைப்பாக நின்றார். பிறகு என்னிடம், "ரொம்பப் பெருசா இருக்குண்ணே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. எனக்கும் நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது.

அம்மா உள்ளே வரவில்லை. பந்தல் வாசலில் நின்று, விளக்கையும் ஜாலரையும் பார்த்தார். சோதனைக்காக என் ஆள் பாட்டைப் போட்டிருந்தான், குழாய் அலறியது.

"என்ன விசேசம்யா இங்கன?" என்றார்.

"உங்க மகனுக்குத்தான் தாயி."

"எம் மகனுக்கா?" என்று இன்னொரு தடவை மேலே பார்த்தார். "அவன் கல்யாணத்துக்கு இப்படித்தான் போடணும்னு நெனச்சிருந்தேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்குக் குத்திப் பேசவே தெரியாது. உள்ளதைச் சொன்னார். ஆனால் நாற்பது வருஷத் தொழிலில் என் பந்தலைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது அன்றைக்குத்தான்.

டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். பையன் பெட்டியில் வந்த அன்று பெரிய பெரிய ஆட்கள் வந்தார்களாம். கோஷம் போட்டார்களாம். துப்பாக்கி வெடித்தபோது இவருக்கு உடம்பெல்லாம் தூக்கிப் போட்டதாம்.

"எல்லாஞ் சரிதாய்யா. ஆனா வந்தவுக அம்புட்டுப் பேரும் போகையில என்னையப் பாத்து, போயிட்டு வாரோம்மான்னு சொல்லிட்டுப் போனாக. எழவு வீட்டுல யாராச்சும் வாரேன்னு சொல்லுவாகளா? அப்ப என் வீட்டுல எழவு இல்லையா? அன்னையிலருந்து எனக்கு மனசு ஆறல. இன்னைக்காச்சும் நாலு பேரு பக்கத்துல உக்காருவாகன்னுதான் வந்தேன்."

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பாய் அதை வாங்கிக்கொண்டு வேறு டீ கொடுத்தார்.

நான் எழுந்து என் ஆட்களைக் கூப்பிட்டேன். "ஜாலரப் பிரி. சீரியல இறக்கு. பாட்ட நிறுத்து. கிட்டங்கியிலருந்து வெள்ளத்துணியும் ஜமுக்காளமும் கொண்டா." என் ஆட்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

தலைவர் பதறி ஓடிவந்தார். "மாமா! ஆளுக வர்ற நேரத்துல எதுக்குப் பிரிக்கிறீக? கொஞ்சமாச்சும் நாட்டுப்பற்று இருக்கா உங்களுக்கு?"

"மாப்ள, கெட்டதுக்கு நல்லதுப் பந்தலப் போட்டுட்டேன். இது தொழில் தப்பு. நாட்டுப்பற்ற அப்புறம் பேசுவோம்."

பையனுடைய அப்பாவும் கலங்கிப்போனார். "கொடியக் கழட்டிராதீகண்ணே. எம் மகன் அதுக்குத்தான போனான்."

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர்தான் தீர்ப்புச் சொன்னார்: "கொடி இருக்கட்டும்யா. அது அவனோடது. இந்த வெளக்குதான் எதுக்குன்னு தெரியல."

தேசபக்தியைக் காட்டலாமா, கூடாதா என்று டிவியில் படித்தவர்கள் தொண்டை வற்றப் பேசுகிறார்கள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. கொடி இருக்கட்டும். செத்தவனைத் தூக்கியவர்களும் அதைப் போர்த்தித்தான் தூக்கினார்கள். நம் முகத்தையும் நம் விளக்கையும் நம் வெடியையும் அதன் மேல் ஏற்ற வேண்டாம். அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரத்தில் பந்தல் மாறிவிட்டது. வேறு யாராவது செய்து காட்டட்டும் பார்ப்போம். பேனரை அவிழ்க்க நேரமில்லை, திருப்பிக் கட்டச் சொன்னேன். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று நன்றாகவே இருந்தது. என் சிரிப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா மஞ்சள் பையிலிருந்து கண்ணாடி போட்ட படத்தை எடுத்தார். கொடிக்கம்பத்தின் கீழே என் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு அதில் வைத்தோம். பத்தாயிரம் வாலாவைத் தலைவர் தாமே எடுத்துக் காரில் வைத்துக்கொண்டார். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வைத்தார்.

கூட்டம் வந்தது. வெள்ளைத் துணியைப் பார்த்ததும் வந்தவர்கள் செருப்பைத் தானாகவே வெளியே கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. அந்த அம்மா ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். பாய் வீட்டு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பூக்காரம்மா, பிறகு கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள். அப்புறம் அழுதார்கள். ஜங்ஷன் ஹாரன் சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்டது.

தலைவர் பேச எழுந்தார். பாக்கெட்டில் நாலு பக்கப் பேச்சு இருந்தது எனக்குத் தெரியும். அதை எடுக்காமல், இறந்தவர்கள் பெயரை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தார். யாரோ ஒருவர் கை தட்டத் தொடங்கினார், தலைவர் பார்த்த பார்வையில் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். கடைசியில் மைக் இல்லாமல் நாட்டுப்பண் பாடினோம். பாதிப் பேர் சுருதியே சேரவில்லை. அப்பா விறைப்பாக நின்றார். அம்மாவும் எழுந்து நின்றார்.

நன்றியுரை சொல்லாமல் மேடையை விட்டு இறங்கியறியாத எங்கள் தலைவர், அன்று அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருத்தர்கூட "வாரேன்" என்று சொல்லவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே இருந்தார், சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற மாதிரி.

அவர்களை என் காரிலேயே ஊருக்கு அனுப்பினேன். காரில் ஏறும்போது அப்பா பழக்கதோஷத்தில், "அப்ப வா..." என்று ஆரம்பித்தார். அம்மா அவர் முழங்கையைத் தொட்டார். அவர் நிறுத்திக்கொண்டார். எந்தக் காரியத்துக்குப் போனாலும் கிளம்புகிறவர் கையில் என் விசிட்டிங் கார்டைத் திணித்து, அடுத்த விசேஷத்துக்கும் கூப்பிடுங்கள் என்று சொல்கிற ஆள் நான். நானும் பேசாமல் கார்க் கதவைச் சாத்தினேன்.