மீதி ஒன்று

ஐப்பசி இரண்டு, காலை பத்தேகால், தூறல். பேத்தி கம்ப்யூட்டரில் 25-ஐ 4-ஆல் வகுத்து மீதியைக் கேட்டாள். திரையில் 1 என்று வந்தது.

"வேண்டாம்னா மீதிய விட்டுரலாம் தாத்தா."

எனக்குச் சுருக்கென்றது. அம்மா சோறு ஊட்டும்போது விரல்களில் வரும் பட்டாசு மருந்தின் நெடி ஞாபகம் வந்தது.

விஸ்வநத்தத்தில் அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் அறைக்கு நாலு வாசல், நாலு பேர்தான். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் வேலைக்கு வேனில் போனது இருபத்தைந்து பேர். இருந்ததோ ஆறு அறை.

"நீ வீட்டுக்குப் போ தாயி" என்றாராம் போர்மேன்.

"கூலி போயிருமே அண்ணாச்சி. ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன்" என்றாளாம் அம்மா.

"சரி, உக்காரு. சீசன் நேரம்."

மதியம் அந்த அறையில் மருந்து தீப்பற்றியபோது மற்ற நால்வரும் ஆளுக்கொரு வாசலில் ஓடிவிட்டார்கள். அம்மாவுக்கென்று வாசல் இல்லை. கம்பெனி கொடுத்ததில் அடக்கச் செலவு போக வீட்டுக்கு வந்தது நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.