கலுபாவுக்கு எடுத்த பூட்ஸ்

எங்கள் கிட்வே ஊர்ச் சந்தையில் என் கடைக்குப் பக்கத்துக் கடை கலுபா அப்பாவுடையது. கசோந்தே என்று அவருக்கும் ஒரு பெயர் உண்டு. தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். பெண் பிறந்த பிறகு ஊருக்கெல்லாம் அவர் கலுபா அப்பாதான், நான் செவே அம்மா என்பதைப்போல. வெளிநாட்டுப் பிள்ளைகள் போட்டுக் கழித்தவை எங்களுக்குப் பொதி பொதியாக வரும். நான் பிரிப்பது ஸ்வெட்டர் பொதி, அவர் பிரிப்பது கால்பந்து பூட்ஸ் பொதி.

அவரை வியாபாரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாசல் தேடி வரும் காசை விரட்டியடிப்பவருக்கு வேறு ஏதாவது பெயர்தான் வைக்க வேண்டும். ஒரு அம்மா பையனை இழுத்துக்கொண்டு வருவாள்.

“ரெண்டு சைஸ் பெருசா குடுங்க. வளர்ற புள்ள. நுனியில துணிய அடைச்சுக்கறோம்.”

“துணிய அடைச்சா துணிதான் பந்த உதைக்கும், உங்க புள்ள உதைக்க மாட்டான். வளந்தப்புறம் கூட்டிட்டு வாங்க.”

பிள்ளையை நிற்க வைத்து, பூட்ஸ் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நக அளவு இடம் இருந்தால் சரி. விரல் முழுதும் பதிந்தால் விற்க மாட்டார். அடுத்து, எங்கே விளையாடுகிறான் என்று கேட்பார். இங்கே எல்லாப் பிள்ளைகளும் விளையாடுவது செம்மண் கட்டாந்தரையில். அதற்கு, அடியில் ஸ்டட் என்கிற இரும்புக் குமிழ்கள் வைத்த பூட்ஸைத் தரவே மாட்டார். “இரும்பு மண்ணக் கவ்விக்கும். உடம்பு திரும்பும், கால் திரும்பாது,” என்பார். பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

“கலுபா அப்பா, அந்த வாயக் கொஞ்சம் தச்சுக்கிட்டா சாயங்காலம் களிக்குத் தொட்டுக்க மீனாவது வாங்கலாம்,” என்பேன்.

“தச்சுக்கறேன். உங்க ஸ்வெட்டர்ல பாதி நூல் தானாவே பிரிஞ்சு தொங்குது, ஒண்ணு குடுங்க.”

அப்படி ஒரு மனிதர். மனைவி போன பிறகு அவருக்கு எல்லாமே கலுபாதான். அவள் சந்தைக்குப் பின்னால் பையன்களோடு ஆடுவாள். சில நாள் வெறுங்கால், சில நாள் கிழிந்த கான்வாஸ் ஷூ. இடது காலில் பந்து வந்துவிட்டால் எந்தப் பையனாலும் பிடுங்க முடியாது. அவளுக்கு என்று ஒரு ஜோடியை எடுக்க மட்டும் அவருக்கு மனமே வராது. இது பழசு, அது தோல் சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவார்.

அந்த வருஷம் தலைநகர் லுசாக்காவிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் படிப்பும் சேர்த்துச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம். ஒரு ஆட்டம் ஆட விட்டுப் பார்ப்பார்கள், தேறிவிட்டால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கலுபாவை விட்டு வேறு யாரை எடுப்பார்கள் என்று சந்தையே பேசிக்கொண்டது.

அந்த வாரம்தான் அந்தப் பொதி வந்தது. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கிய பொதி, பிரித்ததும் யார் கை முதலில் படுகிறதோ அவர்களுக்குத்தான் சரக்கு. யோசிக்க நேரம் இருக்காது. கலுபா அப்பா பாய்ந்து ஒரு ஜோடியை மார்போடு அணைத்துக்கொண்டார். வெள்ளை பூட்ஸ், பூப்போன்ற தோல். யாரோ ஒரு முறை போட்டுவிட்டுத் தூக்கி வைத்ததைப்போல இருந்தது. அடியில் பார்த்தேன், இரும்பு ஸ்டட். கலுபா போட்டுக்கொண்டு நின்றாள். அவர் நுனியை அழுத்தினார். கட்டைவிரல் முழுதும் பதிந்தது.

“என்ன கலுபா அப்பா, வெரல் உள்ள போகுதே?”

“வளர்ற புள்ளதானே.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது.

“இப்படி ஒண்ணு திரும்ப வராது செவே அம்மா. ஆட்டம் சுரங்கக் கம்பெனி புல்தரையிலதான். தண்ணி விட்டு வளத்த புல்லு. அதுக்கு இரும்புதான் சரி.”

மெத்தைப் பஞ்சைக் கிள்ளி நுனியில் அவரே அடைத்தார்.

ஆட்டத்தன்று போனால், அந்தப் புல்தரை முழுக்க ஏதோ ஜெபக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்டவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலும்! ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த செம்மண் திடலுக்கு எல்லோரையும் அனுப்பினார்கள். அக்டோபர் மாதம், மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. தரை சுட்ட செங்கல்லாகக் கிடந்தது.

கலுபா உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். “அப்பா, நான் கான்வாஸே போட்டுக்கறேன்.”

அவர் மற்றப் பிள்ளைகளின் கால்களைப் பார்த்தார். சிலருடைய பூட்ஸ் பளபளவென்று புத்தம் புதுசு.

“லுசாக்காக்காரங்க முன்னாடி அந்தக் கிழிசலோட பரதேசி மாதிரி நிப்பியா? இதையே போடு.”

அவள் மறுபடியும் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். அவருக்குத் தெரியாதா? இந்த ஊரில் அவரைவிட அது நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்துதான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஆடினாள். பிறகு பந்தை இழுத்துக்கொண்டு சட்டென்று திரும்பினாள். உடம்பு திரும்பியது, இடது கால் மண்ணிலேயே நின்றுவிட்டது. முழங்கால் போயிற்று. வேறு இரண்டு பிள்ளைகள் லுசாக்கா போனார்கள்.

எப்படி விழுந்தாய் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். “குழியில கால் விட்டுட்டேன்,” என்றாள். மாதா கோயிலில் கேட்டவர்களுக்கும், சந்தையில் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.

மறுநாள் காலையிலேயே அவர் அந்தத் திடலுக்குப் போய்விட்டு என் கடைக்கு வந்தார். “குழி இல்ல செவே அம்மா. முழுசும் நடந்து பாத்துட்டேன். ஒரு சின்னக் குழிகூட இல்ல.”

அதற்குப் பிறகு அவர் யாரையும் திட்டுவதில்லை. பெரிய சைஸ் கேட்டால் பெரிய சைஸ் கொடுக்கிறார். வியாபாரம் முன்னைவிட நன்றாகத்தான் நடக்கிறது. கலுபா வளர்ந்துவிட்டாள். சந்தையில் முடி பின்னுகிறாள். வெகுநேரம் நின்றால் காலை இழுப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து எனக்குப் பின்னிக்கொண்டிருந்தாள். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

“கலுபா, அன்னிக்கு உன்ன கான்வாஸே போட விட்டிருக்கணும்.”

அவள் கை நின்றது. “குழின்னு எத்தன தடவ சொல்றதுப்பா?”

“குழி இல்லம்மா. நான் போய்ப் பாத்தேன்.”

“நீங்க போனதும் தெரியும். அழுதுக்கிட்டே திரும்பி வந்ததும் தெரியும்.” மறுபடி பின்னத் தொடங்கினாள். “நமக்குள்ள பூட்ஸாவே இருந்துட்டுப் போகட்டும். கேக்கறவங்களுக்குக் குழிதான்.”

அவர் என் ஸ்வெட்டர் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.