மாடி வீட்டு வைஃபையின் பெயர்

தெருவில் அவனுக்கு ஆன்டெனா என்று பெயர். ஆள் ஒல்லி, உயரம். போதாததற்கு யார் வீட்டு மொட்டைமாடியிலாவது ஏறி நிற்கிற தொழில். கேமரா மாட்டுவான், இணைய இணைப்பு கொடுப்பான். "சிக்னல் விஷயத்துல எதுவும் என்கிட்ட வாலாட்ட முடியாது" என்று போகிற இடமெல்லாம் அளப்பான். தன்னைப் பற்றிப் பேசுவதில் மட்டும் மனிதன் கஞ்சத்தனமே காட்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தீப்பெட்டி அளவு எலக்ட்ரானிக் போர்டு ஒன்று அவனிடம் நன்றாகவே வாலாட்டிக்கொண்டிருந்தது.

அவன் குடியிருந்தது மாடியில்; கீழ் வீட்டில் அவன் அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். லேத் பட்டறைச் சத்தத்தோடு போட்டி போட்டே பேசிப் பழகியவர். தெருமுனை வரை கேட்கும் குரல். பக்கவாதம் வந்து வலது கையோடு அந்தக் குரலையும் கொண்டுபோய்விட்டது. அண்ணி பின்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் அவர் முனகுவது அவள் காதில் விழாது. போன வாரம் கட்டிலிலிருந்து சரிந்தவர், அவள் ஒரு சட்டையைத் தைத்து முடித்து எழுந்து வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார்.

மாடிக்கும் கீழுக்கும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. இருந்தும் அண்ணி படியேறி வந்தாள். "தம்பி, இன்னொரு தடவை விழுந்தா தாங்க மாட்டார். ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

அவனும் செய்தான். பெரிய சிவப்புப் பொத்தான், அதற்கடியில் அந்தப் போர்டு. அண்ணன் இடது கையால் அழுத்தினால், மாடி வைஃபை வழியாகப் போய் அண்ணியின் போனும் அவன் போனும் அலற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்றைக்கென்று கண்ணைத் திறந்துகொண்டு செய்தும் ஆகவில்லை.

போர்டின் நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. இணைப்பு கிடைத்தால்தான் அது நிலையாக எரியும். சார்ஜரை மாற்றினான், ஒயரை மாற்றினான், போர்டையே மாற்றினான். விற்ற கடைக்காரனைத் திட்டினான். சுவர் தடிமன் என்று கட்டிய கொத்தனாரையும் விடவில்லை. அப்புறம் லைனைப் பார்த்தான். வெளியிலிருந்து வருகிற கேபிள் அண்ணனின் கட்டிலுக்கு நேர் மேலே சுவரைத் துளைத்து நுழைந்து, ஓரமாக ஓடி, மாடிக்குப் போகிறது. "என் சுவர்லயே போடுடா, உனக்கு ஒயர் மிச்சம்" என்று அந்தத் துளையைப் போட்டுக் கொடுத்ததே அண்ணன்தான். அவன் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

போர்டு தன் கண்ணில் படுகிற வைஃபைகளை அண்ணியின் போனில் காட்டும். அதில் ஒன்றைத் தொட்டு, பாஸ்வேர்டு போட வேண்டும். அண்ணி மறுபடியும் பார்த்துவிட்டு, "எதிர் வீடு வருது, பக்கத்து வீடு வருது, மருந்துக்கடை கூட வருது. உங்க வீடு மட்டும் வரமாட்டேங்குது தம்பி" என்றாள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தன் வைஃபையின் பெயர் வெளியே தெரியாதபடி அவனே மறைத்து வைத்திருந்தான். கேட்பவர்களிடம் எல்லாம் பாதுகாப்புக்காக என்பான். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பியும்விட்டான். வீட்டுப் போன்கள் தாமாகவே ஒட்டிக்கொள்வதால், அந்தப் பெயரை அவன் கண்ணால் பார்த்தே எவ்வளவோ காலமாயிற்று. ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடி, மறைப்பை நீக்கினான்.

"இப்பப் பாருங்க அண்ணி!" என்று படியிலிருந்து கத்தினான், ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி.

மனைவி ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்தாள். "பேரை மாத்திட்டுத்தானே திறந்தீங்க?"

மாற்றியிருக்கவில்லை.

வேறொன்றுமில்லை. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நாள் வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசும்போது படம் நின்று நின்று வந்தது. கீழே அண்ணன் அவன் வைஃபையில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றினான், பெயரையும் மாற்றினான். மனைவி காறித் துப்பாத குறையாகத் திட்டி, எடுத்துவிடச் சொன்னாள். வீம்பு. எடுக்காமல் மறைத்து மட்டும் வைத்தான்.

கீழேயிருந்து அண்ணி, ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி, ஊருக்கே கேட்கும்படி படித்தாள். "ஓசி... 'ஓசிக்காரனுக்கு இல்லை'... இப்படி ஒண்ணு வருது. இதுவா தம்பி?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணி" என்றான். "அதுதான்."

படியிறங்கித்தான் ஆக வேண்டும். பாஸ்வேர்டு அவனுக்கு மட்டுமே தெரியும். கூனிக் குறுகி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றான். அண்ணி போனை நீட்டினாள்.

"அப்பவே இதைப் பாத்தாரு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "ராத்திரி சாப்பிடலை. மறுநாள் பாத்தா இந்தப் பேரைக் காணோம். 'பாத்தியா, எடுத்துட்டான், என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல'ன்னாரு. வெக்கப்பட்டுட்டு இருப்பான், தானா இறங்கி வருவான்னு சொல்லிட்டே இருந்தாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு. பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தான். கடைசியில் நீல விளக்கு நிலையாக எரிந்தது. அதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமே வரவில்லை.

"அண்ணா, குடு. பேரை மாத்திட்டு மறுபடி செட் பண்ணித் தரேன். கொஞ்ச நேரம்தான்" என்று பொத்தானுக்குக் கை நீட்டினான். அண்ணன் இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு போன்களும் ஒருசேர அலறின.

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. உழைத்து உழைத்து, ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார்.

"ஓசிக்காரன்... கூப்பிடுறேன்... வாடா."

முகத்தின் அசைகிற பாதி சிரித்தது. அவன் கையில் அலறுகிற போனை அணைக்கத் தோன்றாமல், பக்கத்திலேயே நின்றுகொண்டு, "வந்துட்டேண்ணா" என்றான்.